கண்ணாடி நாரும் கடற்கலமும்: வன்னிக் கரையோரப் பைபர் வள்ளம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஈழத்துத் தமிழரின் கடல்சார் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் இரண்டு துறைகளிலே நங்கூரமிட்டு நின்றுவிடுகின்றனர். ஒன்று பண்டைய மாதோட்டம், மற்றையது வல்வெட்டித்துறை. வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்டு, அமெரிக்கர் ஒருவருக்கு விற்கப்பட்டு, 1938ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் குளோஸ்ரர் துறைமுகத்தைச் சென்றடைந்த 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பலின் கதை நம்மவர் மீண்டும் மீண்டும் எழுதி மகிழ்ந்த கதையாகும். மகிழத்தக்க கதைதான். ஆயின், அன்னபூரணிக்குப் பின்னர் நம் கடலில் ஓடிய கலங்கள் யாவை என வினவுவோமாயின், நம்முடைய ஆய்வேடுகள் வாய்மூடிக்கொள்கின்றன. இன்று கொக்கிளாய் தொடக்கம் சுண்டிக்குளம் வரை கரையிலே வரிசையாகக் கிடக்கும் கலங்களிற் பெரும்பாலானவை மரத்தாலானவையல்ல. கண்ணாடி நாரும் செயற்கைப் பிசினும் சேர்த்து வார்க்கப்பட்டு, பின்புறத்தே கழற்றக்கூடிய எஞ்சின் பூட்டப்பட்ட பதினெட்டடி அளவான வள்ளங்களே அவை. மீன்பிடித் திணைக்களத்தின் தாள்களில் அதற்கு நீண்டதொரு பெயருண்டு. கரையிலுள்ளோர் 'பைபர் வள்ளம்' என்பர்; மூத்தோர் சிலர் இன்றும் 'பிளாஸ்ரிக் வள்ளம்' என்பர். ஐம்பதாண்டுகளுக்கு மேலாக ஒரு சமூகத்துக்குச் சோறிட்ட இக்கலத்துக்கு ஒரு வரலாறு வேண்டாவா என்பதே இக்கட்டுரையை எழுதத் தூண்டிய வினாவாகும்.

இதனை எழுதுபவன் கடற்கரையிற் பிறந்தவன் அல்லன் என்பதை முதலிலேயே கூறிவிடுதல் நன்று. என் ஊர் நெடுங்கேணி. குளமும் வயலும் காடுமே எமக்குத் தெரிந்தவை. எனினும் எங்கள் வளவிலே, பாலை மரத்தின் கீழ், குப்புறக் கவிழ்ந்த நிலையிற் பழைய பைபர் வள்ளமொன்று பல்லாண்டு கிடந்தது. ஆடுகள் அதன் நிழலிற் படுத்தன. நாங்கள் அதன் முதுகில் ஏறிச் சறுக்கி விளையாடினோம். கடலில்லாத ஊரிலே ஒரு கடற்கலம் ஏன் கிடக்கின்றது என்று அன்று எவரும் வினவியதில்லை. 2024ஆம் ஆண்டு மாசி தொடக்கம் சித்திரை வரை, என் தாய்மாமனாருடன் சேர்ந்து அதனைப் பழுதுபார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டிற்று. நூலகத்தில் நான் தேடிக் காணாத சில செய்திகள் அவ்வள்ளத்தின் ஓட்டைச் சுரண்டியபோது கிடைத்தன.

நெடுங்கேணிக்கும் கடலுக்கும் தொடர்பே இல்லையென்பதும் பொருந்தாது. பாய்க்கப்பல்களின் காலத்திலே கடலுக்கு வேண்டிய மரத்தைக் காடு தந்தது. இலுப்பையும் வேம்பும் கலங்கட்டுதற்கு விரும்பப்பட்ட மரங்கள். வன்னிக் காட்டிலிருந்து கரைக்கு வண்டிகளில் மரம் போனது. கரையிலிருந்து உப்பும் கருவாடும் காட்டூர்களுக்கு வந்தன. கலத்தைக் கட்டிய ஓடாவி மரத்தின் வளைவைப் பார்த்தே அது அணியத்துக்கு உரியதா, விலாவுக்கு உரியதா எனத் தீர்மானித்தான். கலத்தின் வடிவம் அவன் கண்ணிலும் கையிலும் இருந்தது. சிறு வள்ளங்களைப் பொறுத்தவரை வேறொரு வழியும் இருந்தது. பெருமரத்தைக் குடைந்து செய்த வள்ளங்கள் மலையாளக் கரையிலிருந்து இறக்குமதியாகி, பக்கப்பலகை உயர்த்தப்பட்டு வடகடலில் ஓடின. ஆகவே, 'நம் மரபுக் கலம்' என்று நாம் பெருமையுடன் சுட்டுவதிலும் அயலார் மரம் கலந்தே இருந்தது. இதனைப் பின்னர் வருவதற்காக நினைவிற் கொள்க.

இலங்கையின் மீன்பிடிக் கலங்களைப் பற்றி ஜேம்ஸ் ஹோர்னெல் என்னும் ஆங்கிலேயர் 1943இல் விரிவாக எழுதினார். அவர் கண்ட கலங்கள் பாயினாலும் துடுப்பினாலும் ஓடியவை. அடுத்த பதினைந்தாண்டுக்குள் நிலை மாறத் தொடங்கிற்று. 1958ஆம் ஆண்டளவில் அரசாங்கம் இருபத்தெட்டு அடி நீளமான, உள்ளிணைப்பு எஞ்சின் பொருத்திய மூன்றரைத் தொன் படகுகளைத் தவணைக் கடனில் மீனவருக்கு வழங்க முற்பட்டது. வடபகுதியில் இத்திட்டத்தின் பயனை அதிகம் பெற்றவை மயிலிட்டி போன்ற, படகு கட்டிவைக்க இடமுள்ள துறைகளே. முல்லைத்தீவுக் கரையின் இயல்பு வேறு. அது திறந்த மணற்கரை. அலை நேரே வந்து அடிக்கும். வாடைக்காற்று வீசும் மாதங்களிற் கடல் கொந்தளிக்கும். தொழில் முடிந்ததும் கலத்தை மணலில் இழுத்தேற்றியாக வேண்டும். மூன்றரைத் தொன் படகை யார் இழுத்தேற்றுவது? அக்கரைக்கு வேண்டியிருந்தது எட்டுப் பேர் தோள்கொடுத்தால் அசையக்கூடிய, கரையை நெருங்கியதும் சுழல்விசிறியை மேலே தூக்கிவிடக்கூடிய ஒரு கலம். இத்தேவையை விளங்கிக்கொண்டாலன்றிப் பைபர் வள்ளம் இக்கரையில் நிலைபெற்றமைக்குக் காரணம் புலப்படாது. மோகத்தாற் புதியதை வாங்கினர் என எளிதாகக் கூறிவிடுவோர் கரையைப் பார்த்ததில்லை போலும்.

இத்தகைய கலம் தோன்றுதற்கு வேண்டிய இரண்டு பொருள்களும் உலகின் வேறோரிடத்தில் ஆயத்தமாகின. கண்ணாடியை உருக்கி மயிரினும் மெல்லிய நாராகப் பெருமளவில் இழுக்கும் முறை 1930களிலே அமெரிக்காவில் விருத்திபெற்றது. அந்நாரைப் பொலியெஸ்ரர் பிசினில் தோய்த்து இறுகச் செய்து, றே கிறீன் என்பவர் 1942இல் ஒஹாயோ மாநிலத்தில் ஒரு சிறுபடகை வார்த்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் மேனாடுகளில் ஓய்வுநேரப் படகுகள் பெரும்பாலும் இப்பொருளாலேயே ஆயின. மற்றையது எஞ்சின். படகின் பின்பலகையிற் கொளுவிக் கழற்றக்கூடிய எஞ்சினை 1909இல் விற்பனைக்கு விட்டு வெற்றிகண்டவர் ஒலே எவின்றூட். நோர்வேயிற் பிறந்து குழந்தைப் பருவத்திலேயே அமெரிக்காவிற் குடியேறியவர். பின்னர் யப்பானியர் இத்துறையிற் புகுந்தனர். யமகா நிறுவனத்தின் முதலாவது வெளியிணைப்பு எஞ்சின் 1960இல் வெளிவந்தது. இன்று எங்கள் கரையிலே எஞ்சினுக்கு மறுபெயர் போல வழங்குவது அந்நிறுவனத்தின் பெயரே.

நோர்வே என்னும் சொல் வடபகுதிப் பைபர் வள்ளத்தின் கதையில் மீண்டும் வருகின்றது. யாழ்ப்பாணத்தவரான அன்ரனி இராஜேந்திரம் 1956இல் நோர்வேயை அடைந்தார். அங்கு மீன்பிடித் தொழிலைக் கற்றார், நண்பர்களைச் சேர்த்தார், சிங்களத்திலும் தமிழிலும் மீனைக் குறிக்கும் இரு சொற்களையும் இணைத்து 'மாலு–மீன்' எனப் பெயரிட்ட முயற்சியொன்றைத் தொடங்கினார். மதுவிலக்கு இயக்கத்தைச் சேர்ந்த நோர்வே இளைஞரின் ஆதரவுடன் அது வளர்ந்து, 1960களின் பிற்பகுதியிலே 'சீநோர்' என்னும் நிறுவனமாகக் காரைநகரில் வேரூன்றியது. காரைநகரிலே கண்ணாடிநார்ப் படகுகளை வார்க்கும் தளமும், குருநகரிலே வலைத் தொழிற்சாலையும் இயங்கின. இத்தொடர்பின் வழியாகவே 1970களில் யாழ்ப்பாணத்து இளைஞர் பலர் கல்விக்கென நோர்வே சென்றனர். இன்று அந்நாட்டில் வாழும் தமிழ்ச் சமூகத்தின் தொடக்கம் ஒரு மீன்பிடித் திட்டத்தில் இருக்கின்றது என்பது நம்மிற் பலர் அறியாத செய்தியாகும். காரைநகர்ப் படகுத்தளம் போர்க்காலத்திற் செயலிழந்தது. பிற்காலத்தில் அரச நிறுவனமாகிய சீநோரின் பெயர் மட்டும் நிலைத்தது.

வள்ளம் வார்க்கப்படும் முறையைச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். ஏனெனில் மாற்றத்தின் ஆழம் அதிலேதான் தெரிகின்றது. முதலில் வள்ளத்தின் வெளிவடிவத்துக்கு ஒத்த அச்சு ஒன்று உண்டு. அதன் உட்புறத்திலே, ஒட்டாதிருக்க மெழுகு பூசி, நிறங்கலந்த தடித்த பிசினைப் பூசுவர். இதுவே பின்னர் வள்ளத்தின் வெளித்தோலாகும். அதன்மேல் வெட்டிய கண்ணாடி நாராலான பாயையும் நெய்த கண்ணாடித் துணியையும் மாறி மாறிப் படையாக விரித்து, ஒவ்வொரு படையையும் பிசினால் நனைத்து, காற்றுக்குமிழ் நில்லாது உருளையால் உருட்டுவர். பிசினை இறுக்குவது நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்கு அளவிலே சேர்க்கப்படும் ஊக்கி. அளவு கூடினால் கிண்ணத்திலேயே கொதித்துக் கல்லாகும். குறைந்தால் நாட்கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும். இறுகியதும் அச்சினின்று கழற்றினால் வள்ளம். அடுத்த வள்ளமும் அவ்வாறே, அணுப்பிசகாது.

ஓடாவியின் கண்ணில் இருந்த வடிவம் இப்போது அச்சிலே இருக்கின்றது. அச்சை வைத்திருப்பவனே வள்ளத்தை ஆக்குபவன். காட்டிலிருந்து மரம் வரவேண்டியதில்லை; கொழும்பிலிருந்து பீப்பாயிற் பிசினும் சுருளாகத் துணியும் வரவேண்டும். அவை கொழும்புக்குக் கப்பலில் வரவேண்டும். காட்டுக்கும் கடலுக்கும் இடையே இருந்த பழைய உறவு இவ்வாறு அறுந்து, கரை நேராக உலகச் சந்தையுடன் பிணைக்கப்பட்டது. இதனைச் சிலர் இழப்பெனக் கூறுவர். நான் முழுதும் உடன்படேன். கரைவலைத் தொழிலிலே வலையும் தோணியும் சம்மாட்டிக்கு உரியவை. வலையிழுப்போர் பலர், பங்கு சிறிது. பைபர் வள்ளத்திலோ இருவர் அல்லது மூவர் தொழிலுக்குப் போகலாம். கடன் பெற்றேனும் ஒரு குடும்பம் அதனைச் சொந்தமாக்கலாம். என் பாட்டனார் கரைவலை இழுத்தவர். 1979இல் கூட்டுறவுக் கடனொன்றினால் அவர் ஒரு வள்ளத்துக்கு உடைமையாளரானார். காரைநகரில் வார்த்த வள்ளம் என்று மாமா கூறுவார். 'அழுகாது, புழு அரிக்காது, காலமெல்லாம் கிடக்கும்' என்று கூறியே விற்றார்களாம்.

அவ்வள்ளமே பின்னாளில் எங்கள் வளவிற் கிடந்தது. அதன் வாழ்வைக் கூறுவது ஒரு குடும்பக் கதையைக் கூறுவதாகத் தோன்றலாம். எனினும் அக்காலத்து வன்னிக் கரையின் பொதுக்கதை அதிலே பெரிதும் அடங்கியிருக்கின்றது.

பாட்டனாரின் ஊர் கொக்குத்தொடுவாய்ப் பக்கம். 1984 மார்கழியில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி, நாயாறு முதலிய கிராமங்களின் தமிழ் மக்கள் தம் இடங்களைவிட்டு வெளியேற்றப்பட்டனர். தரையால் நடந்தோர் பலர். பாட்டனார் மனைவியையும் பிள்ளைகளையும் ஒரு மூட்டை நெல்லையும் வள்ளத்தில் ஏற்றி, இரவில் எஞ்சினை நிறுத்தித் துடுப்பினால் வலித்து அளம்பிலுக்குச் சென்றார். அன்று மாமாவுக்கு வயது பதினொன்று. மீன்பிடிக்கென வாங்கிய கலம் குடிபெயர்ச்சிக் கலமானது அன்றுதான்.

1980களின் நடுப்பகுதியிலிருந்து வடகடலில் மீன்பிடி தடைசெய்யப்பட்டும் மட்டுப்படுத்தப்பட்டும் வந்தது. எஞ்சினின் வலுவுக்கும் எல்லை விதிக்கப்பட்டது. இதே வகைக் கலங்கள் கடற்போரிலும் பயன்பட்டன. அது தனியாக ஆராயத்தக்க பொருள். 1990இல் வடபகுதி மீது பொருளாதாரத் தடை வந்தபின் எரிபொருள் அரும்பொருளாயிற்று. பெற்றோலிற் சில துளி காட்டி உயிர்ப்பித்து, மண்ணெண்ணெயில் ஓடவிடும் வித்தையை வடபகுதி முழுவதும் கற்றது. மோட்டார் சைக்கிள்களும் கார்களும் அவ்வாறே ஓடின. எங்கள் கரை மீனவருக்கு அது முற்றிலும் புதிதன்று; மண்ணெண்ணெயில் ஓடுமாறு அமைந்த வெளியிணைப்பு எஞ்சின்கள் அவர்களுக்கு முன்னரே பழக்கமானவை. ஆனால் மண்ணெண்ணெயே கிடையாதபோது எஞ்சின் மணலிற் புதைத்துப் பாதுகாக்கப்பட்டது. வள்ளத்திலே பழைய சாக்குகளைத் தைத்துப் பாய் கட்டினார்கள். பாயில்லாக் காலத்துக்கென வார்த்த கலம் பாய் விரித்தது.

கிளாலியைப் பற்றி இங்கு கூறாதிருத்தல் இயலாது. ஆனையிறவும் பூநகரிப் பாதையும் அடைபட்டபின், 1990களின் முற்பகுதியிலே யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கும் பெருநிலத்துக்கும் இடையே மக்கள் சென்றுவர எஞ்சியிருந்த வழி கடல்நீரேரியே. இரவிலே, விளக்கின்றி, எஞ்சின் பூட்டிய ஒரு வள்ளம் முன்னே செல்ல, அதன் பின்னே கயிற்றாற் பிணைத்த நாலைந்து வள்ளங்கள் இழுபட்டுச் செல்லும். நோயாளர், மாணவர், வியாபாரிகள், பிரேதங்கள் யாவும் அவ்வழியே கடந்தன. 1993 தை 2ஆம் நாள் இரவு அவ்வாறு சென்ற பயணிகள் பலர் நீரிலேயே கொல்லப்பட்டனர். 1995 ஐப்பசி 30இல் வலிகாமத்து மக்கள் ஒருசேர இடம்பெயர்ந்தபோது, அவர்களில் பெருந்தொகையினர் தென்மராட்சியிலிருந்து கிளாலியூடாக வன்னியை அடைந்தனர். என் தந்தையாரும் அவர்களுள் ஒருவர். அவர் வன்னிக்கு வந்திராவிடின் என் தாயாரைக் கண்டிரார். பல்கலைக்கழகத்தில் என்னுடன் பயிலும் நண்பர் பலரின் குடும்பக் கதையும் எங்கோ ஓரிடத்தில் ஒரு பைபர் வள்ளத்தில் ஏறி இறங்குகின்றது. அன்னபூரணி அத்திலாந்திக்கைக் கடந்தது மெய். கிளாலி நீரேரியின் அகலம் சில மைல்களே. எனினும் வரலாற்றில் எந்தக் கடப்பு பெரியது என்று முடிவுசெய்ய எனக்குத் துணிவில்லை.

2004 மார்கழி 26இல் ஆழிப்பேரலை அளம்பிற் கரையைத் தாக்கியது. நாட்டின் மீன்பிடிக் கலங்களில் ஏறத்தாழ முக்காற் பங்கு அழிந்தோ சேதமுற்றோ போயின என மதிப்பிடப்பட்டது. எங்கள் வள்ளத்தை அலை தூக்கிப் பனங்கூடலுக்குள் எறிந்தது. அணியம் பிளந்தது, உடல் கிடந்தது. அப்போது உதவி நிறுவனங்கள் புது வள்ளங்களைத் தாராளமாக வழங்கின. நன்றிக்குரிய செயலே, ஆயினும், சிறுவள்ளங்கள் தேவைக்கு மிஞ்சியும், சில இடங்களில் தரங்குறைந்தும் வழங்கப்பட்டன என்பது பின்னர் பலராலும் ஒப்புக்கொள்ளப்பட்டது. மாமாவுக்கும் புதிய வள்ளம் ஒன்று கிடைத்தது. பழையதை எரித்துவிடலாம் என்றார்கள். அவர் இணங்கவில்லை. உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி, ஒட்டுசுட்டான் வழியாக நெடுங்கேணிக்குக் கொண்டுவந்து தமக்கையின் வளவிற் கவிழ்த்துவிட்டுப் போனார். ஓய்வாக இருக்கும்போது ஒட்டலாம் என்பது அவரது எண்ணம். ஓய்வு வரவில்லை. போர் மீண்டும் மூண்டது; 2008இல் நாங்களும் ஊரைவிட்டுப் போனோம். 2009இல் கரையோரத்துக் கலங்கள் யாவும் அழிந்தன. மாமாவின் புதிய வள்ளமும் மாத்தளன் கரையிலே போயிற்று. 2010இல் நாம் ஊருக்குத் திரும்பியபோது வீட்டுக்குக் கூரையில்லை. வள்ளம் பாலை மரத்தின் கீழே கிடந்தது. அதன் முதுகில் மூன்று துளைகள்.

இனி அதனைப் பழுதுபார்த்த கதை. முதல் வேலை சுரண்டுதல். பழைய நிறப்பூச்சின்மீது புதுத்துணி ஒட்டாது. உட்பொருள் தெரியும்வரை தேய்த்தல் வேண்டும். தேய்க்கும் தூள் கண்ணாடித் தூள். உடம்பெல்லாம் ஊரும், குளித்தாலும் போகாது. நீளக்கைச் சட்டையும் முகத்திற் சீலையும் கட்டி, பங்குனி வெயிலில் நாளுக்கு மூன்று மணிநேரம் தேய்த்தோம். வரலாற்று மாணவன் ஒருவனுக்கு அகழாய்வுக் குழியில் நிற்கும் அனுபவம் அது. மேலே நீலம்; போர்நிறுத்தக் காலத்திலே, 2003இல் பூசியது. அதன்கீழ்ச் சாம்பல் நிறம். கடலில் எட்டத்தே தெரியாதிருக்கப் பூசியது என்றார் மாமா. அதன்கீழே வலப்புறத்தில், முழநீளமான ஓர் ஒட்டு. கண்ணாடித் துணியன்று, பழைய சாரத் துணியை உருக்கிய தாரில் தோய்த்து ஒட்டி, மேலே பால்மாப் பேணியின் தகட்டை விரித்துச் செப்பாணி அறைந்திருந்தார்கள். தடைக்காலத்திலே பிசினும் கண்ணாடித் துணியும் கிடையாதபோது பாட்டனார் செய்த வேலை. அந்த ஒட்டுடன் அது பத்தாண்டுக்கு மேல் ஓடியிருக்கின்றது. 'அழுகாக் கலம்' என்று விற்றவர்கள் எண்ணிப்பார்த்திராத மருந்து அது. அதனைப் பெயர்க்கும்போது மாமா சிறிது நேரம் தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பின்னர் எறியவில்லை, வீட்டுக்குள்ளே கொண்டுபோய் வைத்தார்.

எல்லாவற்றுக்கும் கீழே, அச்சிலே பூசிய வெள்ளைத் தோலின்மீது, அணியத்தின் இடப்பக்கத்தில் 'வற்றாப்பளை அம்மன் துணை' என்னும் எழுத்துக்கள் வெளிப்பட்டன. 'றா', 'ளை', 'ணை' ஆகிய மூன்றும் பழைய வடிவில், சுழியும் கொம்புமாக இருந்தன. எழுத்துச் சீர்திருத்தம் தமிழ்நாட்டிலே 1978இல் அரசாணையாயிற்று; ஈழத்திற் பழைய வடிவம் அதன் பின்னரும் நெடுங்காலம் கைவிடப்படவில்லை. ஆகவே எழுத்தை மட்டும் கொண்டு காலத்தைக் கணிக்க முற்படின் பிழைபடுவோம். இதனை மாமாவுக்கு விளக்கினேன். அவர் சிரித்து, "அது அப்பர் எழுதினது தம்பி. அந்தாள் செத்தும் இருவது வருசம், எழுத்து அழியேல்லைப் பார்" என்றார்.

தேய்த்து முடிந்ததும் ஓட்டின் அடிப்பக்கத்தில் அம்மை போட்டாற்போன்ற கொப்புளங்கள் தென்பட்டன. ஊசியாற் குத்தினால் புளித்த மணமுள்ள நீர் கசிந்தது. பொலியெஸ்ரர் ஓடு நீரை அறவே புகவிடாது என்பது பொய். ஆண்டுக்கணக்கில் நீரிற் கிடக்கும்போது மிகச் சிறிதளவாக நீர் ஊடுருவி, பிசினில் எஞ்சிய பொருள்களுடன் சேர்ந்து உள்ளே அமுக்கத்தை ஏற்படுத்திக் கொப்புளமாக்கும். "மரம் தண்ணி குடிக்கும், இது குடியாது எண்டுதான் சொன்னவங்கள். இதுவும் குடிக்கும், ஆனாச் சொல்லாமக் குடிக்கும்" என்றார் மாமா. பத்தொன்பதாண்டுகள் நெடுங்கேணி வெயிலிற் காய்ந்தமையால் அந்நீரிற் பெரும்பங்கு ஏற்கெனவே வெளியேறியிருந்தது. கடற்கரையிற் கிடந்திருப்பின் இவ்வளவு உலர்ந்திராது. காட்டூர் வளவு அதற்கு மருத்துவமனையாக இருந்திருக்கின்றது.

பிளவை ஒட்டுவதில் ஒரு நுட்பமுண்டு. வெடிப்பின் விளிம்பைச் செங்குத்தாக விட்டு அதன்மேல் துணி ஒட்டினால் அலையில் அது பெயர்ந்துவிடும். விளிம்பிலிருந்து ஓட்டின் தடிப்பைப்போற் பன்னிரண்டு மடங்கு தூரத்துக்குச் சரிவாகத் தேய்த்துக் கிண்ணம்போற் குழித்து, படைபடையாகத் துணியிட்டு நிரப்புதல் வேண்டும். பழைய ஓட்டுக்கும் புதிய பிசினுக்கும் இடையே இரசாயனப் பிணைப்பு ஏற்படாது. சுரண்டிய பரப்பின் கரடுமுரடே பிடிமானம். அளம்பிலிலிருந்து வந்த கைதேர்ந்த ஒருவர் இதனை எமக்குக் காட்டித்தந்தார். நெடுங்கேணியின் நண்பகல் வெப்பத்திலே பிசின் பத்து நிமிடத்திற்குள் கிண்ணத்தில் இறுகிவிடவே, விடியுமுன் எழுந்து, ஏழு மணிக்குள் அன்றைய படையை முடித்தோம். முதல் மூன்று கிண்ணம் என் பிழையாற் கல்லாயிற்று.

மூன்று துளைகளுள் ஒன்றின் அருகே, ஓட்டின் இரு படைகளுக்கு நடுவே, விரல்நகமளவான இரும்புத் துண்டு செருகிக் கிடந்தது. அதனை எடுக்க முயன்றால் இன்னும் பெரிதாகத் தோண்டவேண்டியிருக்கும் என்று ஒட்டுபவர் கூறினார். துருப்பிடித்தால் ஓடு வெடிக்கும் என்று மாமா அஞ்சினார். ஈற்றில் அதனைத் தோண்டியெடுத்தோம்.

பெரிய சிக்கல் எஞ்சின் தூக்கும் பின்பலகையில் இருந்தது. கண்ணாடிநார் வள்ளம் என்று கூறினும் அதன் பின்பலகைக்குள்ளே ஒட்டுப்பலகை வைத்தே வார்ப்பர். எஞ்சினின் பாரமும் உதைப்பும் அங்கேதான் விழுகின்றன. வெளியோடு முழுமையாக இருக்க, உள்ளிருந்த பலகை ஈரமான தேயிலைச் சக்கைபோல் உதிர்ந்தது. கடலுக்கேற்ற ஒட்டுப்பலகையின் விலையை விசாரித்து வந்த மாமா இரண்டு நாள் பேசவில்லை. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் இறக்குமதிப் பொருள் யாவற்றின் விலையும் எட்டாத உயரத்துக்கு ஏறியிருந்தது. அவ்வாண்டு ஆவணியில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே இரவில் உயர்ந்தபோது, கரையிலே வள்ளங்கள் வாரக்கணக்கிற் கவிழ்ந்து கிடந்ததை நாம் கண்டோம். தடைக்காலம் திரும்பியதுபோல இருந்தது என்று முதியோர் கூறினர். ஈற்றில், எங்கள் வளவில் முந்திய மாரியில் விழுந்த வேம்பை அறுத்தோம். அப்பலகையை நன்கு காயவைத்து, பிசினை மட்டும் நம்பாது குறுக்கே துருவேறா ஆணிகளும் முடுக்கி, உள்ளும் புறமும் துணிபோர்த்தி மூடினோம். காட்டுக்கும் கடலுக்கும் இடையே உறவு அறுந்துவிட்டது என்று மேலே எழுதினேன். அவ்வாக்கியத்தை நான் சற்றே திருத்திக்கொள்ள வேண்டியிருக்கின்றது.

பைபர் வள்ளம் அயலார் கண்டுபிடிப்பு. அதன் பிசினும் துணியும் எஞ்சினும் இன்றும் அயலிலிருந்தே வருகின்றன. ஆகவே அது நம் மரபாகாது என்று என் விரிவுரையாளர் ஒருவர் அன்புடன் வாதிட்டார். மலையாள மரத்திற் குடைந்த வள்ளம் மரபாயிற்று எனின், இது ஏன் ஆகாது என்பது என் கேள்வி. ஒரு பொருள் எங்கு பிறந்தது என்பதைவிட, அது உடைந்தபோது யார், எதைக்கொண்டு, எப்படி ஒட்டினார்கள் என்பதே அதனை ஒரு சமூகத்துக்கு உரியதாக்குகின்றது என நான் கருதுகின்றேன். சாரத் துணியும் தாரும் பால்மாப் பேணியும் எந்த நாட்டின் படகுக் கைந்நூலிலும் இரா. அவற்றைக் காணவேண்டின் பழைய வள்ளங்களைப் பார்க்கவேண்டும். அவையோ நாளுக்கு நாள் எரிக்கப்படுகின்றன. கரைகளிலே பழைய ஓடுகளை அடுக்கித் தீயிடும் கரும்புகையை எவரும் காணலாம். நம் துறையினர் கல்வெட்டுப் படியெடுப்பதற்குக் காட்டும் அக்கறையிற் பத்திலொரு பங்கை, முல்லைத்தீவு, மன்னார், குருநகர்க் கரைகளிற் கிடக்கும் முதல் தலைமுறைப் பைபர் வள்ளங்களை அளந்து, படமெடுத்து, உடைமையாளரின் வாய்மொழியைப் பதிவதிற் காட்டுவாராயின், இன்னும் சில ஆண்டுகளுக்கேனும் அது இயலக்கூடிய வேலையே. முதல் வள்ளத்தை வாங்கியோரிற் பெரும்பாலோர் மறைந்துவிட்டனர். அவர்தம் பிள்ளைகள் இப்போது அறுபதை அண்மித்துள்ளனர்.

சித்திரைக் கடைசியிலே வள்ளம் மீண்டும் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறியது. முள்ளியவளையில் நிறுத்தி, வற்றாப்பளைக்குச் சென்று கற்பூரம் கொளுத்திவிட்டு அளம்பிலை அடைந்தோம். பாட்டனார் எழுதிய எழுத்தின்மேல் மாமா நிறம் பூசவில்லை. அதைச் சுற்றிப் பூசினார். இரவல் எஞ்சின் ஒன்று பெற்றோலிற் பிடித்து, மண்ணெண்ணெய்க்கு மாற்றியதும் இருமி நின்று, மூன்றாம் முறையில் ஓடிற்று. கரைக்கு மீண்டதும் இழுத்தேற்றும்போதுதான் ஒன்று தெரிந்தது. முன்னர் எட்டுப் பேர் தள்ளினாற் போதும் என்பார் மாமா. வேப்பம்பலகையும் புதிய துணிப்படைகளும் சேர்ந்து இப்போது அதற்குப் பத்துப் பேர் வேண்டியிருக்கின்றது.